உடைப்புக்கு வந்த 850 ஆர், எங்கள் வீட்டு வி70: எதைக் கழற்றிக்கொள்வது?

நீலவேகன் (மில்டன் கீன்ஸ்), பெப்ரவரி 9

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1998ஆம் ஆண்டு வொல்வோ வி70 எஸ்டேட் (பின்பக்கம் பெட்டிபோல நீண்ட கார்) ஒன்று பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. குறைந்த அழுத்த டர்போ (இயந்திரத்துக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி) பூட்டிய 2.5 லீட்டர் ஐந்து உருளை இயந்திரம், 193 குதிரைத்திறன், ஐந்து கியர் கொண்ட கைமுறைப் பெட்டி, இதுவரை ஓடியது 1 இலட்சத்து 46 ஆயிரம் மைல். இரண்டு பிள்ளைகள், என் தாயார், பாடசாலைப் பைகள், மாதம் ஒருமுறை லண்டன் ஹைகேட் முருகன் கோவிலுக்குப் போகும்போது பூக்கூடைகள் என்று அதன் வயிறு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

சென்ற கிழமை, பழைய கார்களை உடைத்து விற்கும் ஒரு முற்றத்தில் 1996ஆம் ஆண்டு வொல்வோ 850 ஆர் எஸ்டேட் ஒன்றைக் கண்டேன்; எங்கள் வி70க்கு முந்திய வரிசையின் வேகமான வடிவம். பின்பக்க மூலை நொறுங்கியிருக்கிறது. முன்பக்கம் கீறல்கூட இல்லாமல் முழுமையாக இருக்கிறது. மாத முடிவில் அதை நசுக்குவதற்கு அனுப்பப் போவதாகவும், அதுவரை வரும் சனிக்கிழமைகளில் நானே வந்து வேண்டியதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பாகத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடலாம் என்றும் முற்றத்துக்காரர் சொன்னார். என் கையில் இருப்பது 900 பவுண். டர்போ, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெரிய பிரேக்குகள், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் உள்ள கியர்பெட்டி, என்ஜின் கணினி, தாழ்வான ஸ்பிரிங்குகள், முன் இருக்கைகள் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். எந்த வரிசையில் எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கல்லடிப்பாலம் (பர்மிங்காம்), பெப்ரவரி 9

பட்டியலைப் படித்தேன். 900 பவுணையும் உங்கள் வாரயிறுதிகளையும் கணக்கில் எடுத்தால், இப்போதுள்ள காரை விற்றுவிட்டு, கூடக் கொஞ்சம் போட்டு நல்ல நிலையில் இருக்கும் ஒரு டி5 (இதே காரின் வேகமான வடிவம்) எஸ்டேட்டை வாங்குவதே அறிவான செயல். தொழிற்சாலையே 240 குதிரைத்திறனுடன் கட்டிக் கொடுத்த காரை வீட்டு முற்றத்தில் மறுபடியும் கட்ட வேண்டிய தேவை என்ன?

நீலவேகன் (மில்டன் கீன்ஸ்), பெப்ரவரி 9

நியாயமான கேள்விதான். ஆனால் நல்ல டி5 எஸ்டேட்டுகள் இப்போது சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன. மலிவாகக் கிடைப்பவற்றின் வரலாறு எனக்குத் தெரியாது. இந்தக் காரின் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதெல்லாம் என் கையெழுத்திலேயே ஒரு கொப்பியில் இருக்கின்றன. அந்தக் கொப்பிக்கும் ஒரு பெறுமதி உண்டு என்று நினைக்கிறேன்.

பட்டறைக்காரன் (ஒஸ்லோ), பெப்ரவரி 10

தம்பி, இந்தக் குடும்பத்துக் கார்களைக் கழற்றிப் பூட்டுவதில் எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். 850 ஆர் என்றால் பெரிய பிரேக் இருக்கும் என்று எண்ணிப் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அதன் முன் டிஸ்க்குகளும் உங்கள் காரில் இருக்கும் அதே 280 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவைதான். 302 மில்லிமீட்டர் டிஸ்க் பின்னால் வந்த எஸ்70, வி70 வரிசையின் வேகமான கார்களுக்குத்தான் வந்தது. அந்தக் கார்களின் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தாங்கியையும் 302 டிஸ்க்கையும் வாங்கினால் போதும். உங்கள் காலிப்பரையே அந்தத் தாங்கியில் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே உடைப்புக் காரின் பிரேக்குக்கு ஒரு பவுண்கூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, இந்தப் பாகங்கள் ஏன் பொருந்துகின்றன என்பதை விளங்கிக்கொண்டால் எவை பொருந்தாது என்பதும் தானாக விளங்கும். உங்கள் வி70, 1991இல் வந்த 850இன் முகத்தைத் திருத்திப் பெயரை மாற்றிய வடிவம், அடித்தளம் ஒன்று. இரண்டிலும் இருப்பது குறுக்காக வைக்கப்பட்ட அதே அலுமினிய ஐந்து உருளை இயந்திரம். உங்களுடையது 83 மி.மீ. உருளைத் துளை, 2,435 கன சென்டிமீட்டர்; ஆர் காரினுடையது 81 மி.மீ. துளை, 2,319 கன சென்டிமீட்டர். இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. அதனால் டர்போவும் இன்டர்கூலரும் சின்னச் சின்னக் குழாய் வேறுபாடுகளைத் தவிர மாறிப் பொருந்தும். ஆனால் உங்கள் இயந்திரத்தின் அமுக்க விகிதம் கூடுதலானது. ஆகவே ஆர் காரின் அதே காற்றழுத்தத்தை அப்படியே கொடுத்தால் உங்கள் இயந்திரத்தில் தட்டல் (பெட்ரோல் தானாகவே வெடித்தெரிவது) முன்னதாகவே தொடங்கும் என்பதைக் கணினியைத் திருத்துபவர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு பாகமும் தனியாக வருவதில்லை. திருமண வீட்டுக்கு ஒருவரை அழைத்தால் குடும்பமே வருவதுபோல அது உறவினர்களைக் கூட்டிக்கொண்டுதான் வரும். கைமுறைக் கியர் ஆர் காரின் 16டி என்ற பெரிய டர்போவைப் பூட்டினால் கூடுதல் காற்று வரும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வர வேண்டுமானால் அந்தக் காரின் இன்ஜெக்டர்களும் வர வேண்டும். இன்ஜெக்டர் மாறினால் கணினியின் மென்பொருள் மாற வேண்டும். வலு கூடினால் உங்கள் பழைய கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஒன்றை எடுத்து மற்றதை விட்டால், பாதி உறவினரை அழைத்த வீட்டில் நடக்கும் சண்டைதான் இயந்திரத்துக்குள்ளும் நடக்கும்.

கணினியைத் தொடாதீர்கள். 850இன் மின்கம்பித் தொகுதி வேறு, உங்கள் காரின் திருட்டுத் தடுப்பு வேறு. உங்கள் 1998 காரில் இருப்பது மோட்ரோனிக் 4.4, அதைக் கழற்றாமலே, கோளாறைக் கண்டறியும் கருவியைச் செருகும் துளை வழியாகத் திருத்தி எழுத முடியும். அந்த வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஏனென்றால் 1999இல் எம்இ7 என்ற வேறு அமைப்பும் மின்னணுத் திராட்டிலும் வந்து வேலையைச் சிக்கலாக்கிவிட்டன.

கியர்பெட்டியைப் பற்றி உங்கள் ஆசை எனக்கு விளங்குகிறது. ஆனால் அதற்குள் இருப்பது பசைத் திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் வகை. அந்தத் திரவம் வயதாகித் தன் வேலையை மறந்திருக்கிறதா என்பதை, ஓடாமல் மண்ணில் கிடக்கும் காரில் எவராலும் சோதித்துச் சொல்ல முடியாது. இறக்கி ஏற்றும் உழைப்போ முழு இரண்டு நாள்.

கடைசியாக, எதையும் கழற்றப் போவதற்கு முன் உங்கள் காரில் ஒரு சோதனை செய்யுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறை ஒன்றை அந்த வாயில் கவிழ்த்துப் பிடியுங்கள். உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. பலூன்போல ஊதினால் எனக்கு எழுதுங்கள்.

நீலவேகன் (மில்டன் கீன்ஸ்), பெப்ரவரி 10

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. பிரேக் பற்றிய செய்தி எனக்குப் புதிது. அதற்கென்று 150 பவுண் ஒதுக்கி வைத்திருந்தேன்.

கையுறைச் சோதனையைச் செய்துவிட்டேன். ஐந்து விரல்களும் விறைத்து நின்று எனக்குக் கையசைத்தன. சின்ன மகள் இன்னொரு முறை செய்து காட்டச் சொல்கிறாள்.

பட்டறைக்காரன் (ஒஸ்லோ), பெப்ரவரி 10

அப்படியானால் உங்கள் முதல் செலவு அந்த முற்றத்தில் இல்லை. உள்வரும் காற்றுக் கிளைக்குழாயின் பின்னால், இயந்திர உடலோடு ஒட்டி, எண்ணெயைப் பிரிக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆண்டுக்கணக்கில் குறுந்தூரம் ஓடிய கார்களில் அந்தப் பெட்டியும் குழாய்களும் கரிப்பிடித்து அடைத்துவிடும். அடைத்ததும் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே மெலிவோ அங்கே எண்ணெயைத் தள்ளும். காம்ஷாஃப்ட் சீல் போனால் ஒரு மாலை வேலை. கிராங்கின் பின் சீல் போனால் கியர்பெட்டியை இறக்க வேண்டும். இன்றைய அழுத்தத்துக்கே கையுறை ஊதுகிறது என்றால், 16டி டர்போவோடு அது என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கிளைக்குழாயை இறக்கிப் பெட்டி, குழாய்கள், கேஸ்கட் எல்லாவற்றையும் ஒன்றாகப் புதிதாகப் போடுங்கள். புதியதுதான், இந்தப் பாகத்தை மட்டும் உடைப்புக் காரிலிருந்து எடுக்க வேண்டாம்.

ரொறன்ரோத்தம்பி (ஸ்காபரோ), பெப்ரவரி 11

என்னிடம் இருப்பது வேறு குடும்பம்: 2005ஆம் ஆண்டு சுபாரு லெகசி வேகன். என்றாலும் பட்டறைக்காரன் அண்ணா சொன்ன உறவினர் கதை எங்கள் பக்கத்திலும் அச்சொட்டாகப் பொருந்துகிறது. சுபாருவின் வேகமான டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ காரின் நான்கு பிஸ்டன் பிரெம்போ காலிப்பர் என் வேகனின் முன் அச்சில் நேரே ஏறும் என்பது உண்மை. அதை நம்பி, 2005 எஸ்டிஐ ஒன்றிலிருந்து காலிப்பரோடு டிஸ்க்கையும் வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் டிஸ்க் என் அச்சில் உட்காரவே இல்லை. 2004 வரை எஸ்டிஐ சக்கரத்தின் ஐந்து துளைகள் 100 மி.மீ. வட்டத்தில் இருந்தன, 2005இல் அதை 114.3 ஆக மாற்றிவிட்டார்கள். என் வேகனுக்கு வேண்டியது 100. 326 மி.மீ. டிஸ்க்கைச் சரியான துளையோடு மறுபடி வாங்க நேர்ந்தது. பிறகு பழைய 16 அங்குலக் குளிர்காலச் சக்கரங்கள் காலிப்பரில் இடித்தன. 17 அங்குலத்தில் இன்னொரு தொகுதி வாங்கினேன். எண்ணிப் பார்த்தால் காலிப்பர்தான் அந்தக் கூட்டத்திலேயே மலிவான ஆள்.

ஈரக்குடை (ஹாரோ), பெப்ரவரி 11

நான் வாகனக் காப்புறுதித் துறையில் வேலை செய்கிறேன். இயந்திரம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இழையில் ஒருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் டர்போ, மென்பொருள், பிரேக், சக்கர அளவு, ஸ்பிரிங் ஆகிய எதை மாற்றினாலும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டத்தின்படி, நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நீங்கள் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். மாற்றங்கள் உண்டா என்ற கேள்வி விண்ணப்பத்திலேயே இருக்கும். பிரேக்கைப் பெரிதாக்கியது நல்லதுக்குத்தானே, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. நல்லதோ கெட்டதோ, அது மாற்றம்தான்.

நீங்கள் லண்டனுக்கு வெளியே இருப்பது நல்லது. 2023 ஓகஸ்ட் 29 முதல் மாநகரத்தின் எல்லாப் பகுதிகளும் குறைமாசு வலயத்துக்குள் வந்துவிட்டதால், யூரோ 4 தரத்தை எட்டாத பெட்ரோல் கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் கட்ட வேண்டும்.

நீலவேகன் (மில்டன் கீன்ஸ்), பெப்ரவரி 11

தெரியும். ஒவ்வொரு முறையும் முருகனுக்கு அர்ச்சனைச் சீட்டோடு மேயருக்கும் ஒரு சீட்டு.

கல்லடிப்பாலம் (பர்மிங்காம்), பெப்ரவரி 12

இங்கே எல்லோரும் பிரேக், பிரேக் என்று ஓதுவது எனக்குச் சற்று மிகையாகப் படுகிறது. நெடுஞ்சாலையின் சட்ட வேகம் 70 மைல்தான்; வலுக் கூடிய காரும் அதே 70இலிருந்துதான் நிற்க வேண்டும். 193 குதிரைத்திறனில் போதுமானதாக இருந்த பிரேக் 240இல் எப்படிப் போதாமல் போகும்? அவசர நிறுத்தத்தின் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பே ஒழிய டிஸ்க்கின் விட்டம் அல்ல. 280 மி.மீ. டிஸ்க்காலும் சக்கரத்தைப் பூட்டி ஏபிஎஸ்ஸை எழுப்ப முடியும் என்றால், 302 போடுவதால் ஓரடிகூட முன்னதாக நிற்கப் போவதில்லை.

கோத்தன்பர்க்வாசி (கோத்தன்பர்க்), பெப்ரவரி 12

வணக்கம். நான் சென்னையிலிருந்து வந்து இங்கே பிரேக் அமைப்புகளில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். கல்லடிப்பாலம் அவர்களின் வாதத்தில் பாதி முழுக்கச் சரி. ஒருமுறை அவசரமாக நிறுத்துவதில் டயர்தான் எஜமான். பெரிய டிஸ்க் போட்டதும் கார் குட்டையான தூரத்தில் நிற்கும் என்று நம்பிச் செலவு செய்பவர்கள் அந்தப் பணத்தை நல்ல டயருக்குக் கொடுத்திருக்கலாம்.

மறுபாதி வெப்பக் கணக்கு. ஆளும் பெட்டியுமாக 1,900 கிலோ எடையுள்ள எஸ்டேட் 70 மைல் வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9.3 இலட்சம் ஜூல். நின்றாக வேண்டுமானால் அதில் பெரும்பகுதி முன்னிரண்டு டிஸ்க்குகளுக்குள் வெப்பமாக இறங்க வேண்டும். ஒருமுறை என்றால் எந்த டிஸ்க்கும் தாங்கும். வேல்ஸ் மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடித்து, நேர்ப்பாதை வந்ததும் மறுபடி மிதிப்பவரின் கதை வேறு. அங்கேதான் குதிரைத்திறன் கணக்குக்குள் வருகிறது. வலுக் கூடிய கார் இரண்டு வளைவுகளுக்கு இடையே கூடுதல் வேகத்தை எட்டிவிடும். ஆற்றல் வேகத்தின் இருபடியாக ஏறும். டிஸ்க் ஆறுவதற்குக் கிடைக்கும் நேரமோ குறையும். டிஸ்க் 302 ஆனால் பேட் அழுத்தும் இடம் மையத்திலிருந்து 11 மி.மீ. வெளியே தள்ளிப்போகும், அதே மிதிக்குப் பிடிப்பு முறுக்கு சுமார் ஒன்பது சதவீதம் கூடும். அதைவிட முக்கியம், வெப்பத்தை வாங்கி வைக்கும் இரும்பின் அளவும் கூடுகிறது.

பின் டிஸ்க்கை விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் பெரிதாக்கினால் சமநிலை கெடாதா என்று யாராவது கேட்கலாம். கொஞ்சம் முன்னால் சாயும். ஆனால் பின்னால் அதே 295 மி.மீ. டிஸ்க்கை வைத்துக்கொண்டு முன்பக்கம் 302 போட்டு விற்றவர்கள் இந்தக் காரைச் செய்தவர்களேதான். அளவு தெரியாத வேறொரு காரின் நான்கு பிஸ்டன் காலிப்பரை வெட்டிய தகட்டில் தொங்கவிடுவதைவிட இந்த வழியை நான் விரும்புவதற்கு அதுவே காரணம்.

நீலவேகன் அவர்களே, உங்கள் பிரேக் திரவத்தை எப்போது மாற்றினீர்கள்? டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதற்கென விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சம் வெறும் 155. மலைச்சாலையில் மிதி பஞ்சாகிப் போவதற்குப் பல நேரங்களில் டிஸ்க்கின் அளவல்ல, இந்தத் திரவமே காரணம்.

இன்னொன்று. 302 டிஸ்க்கின் மேல் 15 அங்குலச் சக்கரம் ஏறாது, 16 வேண்டும். உங்கள் உதிரிச் சக்கரம் எத்தனை அங்குலம் என்று இப்போதே பாருங்கள். அது 15 என்றால், முன் டயர் வெடிக்கும் நாளில் பின் சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, உதிரியைப் பின்னால் மாட்ட வேண்டியிருக்கும். மழையில், நெடுஞ்சாலை ஓரத்தில், அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

கல்லடிப்பாலம் (பர்மிங்காம்), பெப்ரவரி 12

சகோதரி, வெப்பக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். உதிரிச் சக்கரம் என் காரிலும் 15தான் என்பதை இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீலவேகன் (மில்டன் கீன்ஸ்), பெப்ரவரி 16

முதல் சனிக்கிழமை முடிந்தது. டர்போ, ஐந்து இன்ஜெக்டர், இன்டர்கூலர், 16 அங்குலச் சக்கரங்கள் நான்கு ஆகியவற்றை எடுத்தேன். டர்போவின் தண்டைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தேன். நீளவாக்கில் ஆட்டமே இல்லை, பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு மட்டும் இருக்கிறது.

அடுத்த கிழமை ஸ்பிரிங்குகளையும் இருக்கைகளையும் எடுக்கலாம் என்று இருக்கிறேன். தாழ்வான ஸ்பிரிங் போட்டால் பின்பக்கம் பாரம் ஏற்றும்போது தரையைத் தொடுமா என்று மனைவி கேட்கிறார்.

பட்டறைக்காரன் (ஒஸ்லோ), பெப்ரவரி 16

உங்கள் மனைவி சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஸ்பிரிங்கில் கைவைக்கும் முன் காரின் கீழே குனிந்து பின் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். சாதாரணமானதைவிடத் தடித்த உடம்பும் தடித்த தண்டும் இருந்தால் அது நிவோமாட். எஸ்டேட்டுகளுக்கு விருப்பத் தேர்வாகக் கொடுத்த, தானே உயரத்தைச் சரிசெய்யும் வகை. அதற்குக் குழாயும் கிடையாது, மின்கம்பியும் கிடையாது. சாலையில் கார் மேலும் கீழும் ஆடும் அந்த ஆட்டத்தையே விசையாக எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் எண்ணெயைத் தானே இறைத்து, வாயுவை அமுக்கிப் பின்பக்கத்தை உயர்த்தும். அரிசி மூட்டைகளை ஏற்றியதும் தாழ்ந்த கார், சிறிது தூரம் ஓடியதும் நிமிர்ந்து நிற்கும். எனக்கு இந்தக் கார்களிலேயே மிகப் பிடித்த பாகம் இதுதான். பதினாறு வால்வுகளுக்கும் இருபது வால்வுகளுக்கும் வாயைப் பிளப்பவர்கள் இதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், நிவோமாட் பாரத்தில் ஒரு பங்கைத் தானே சுமப்பதால் அதனோடு வரும் பின் ஸ்பிரிங் மென்மையானது. நிவோமாட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக்கைப் போட்டு, பழைய ஸ்பிரிங்கையே விட்டால் கார் பின்னால் குந்திவிடும். நிவோமாட்டை வைத்துக்கொண்டு சாதாரண ஷாக்குக்கான விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் பிள்ளைகள் குதிரை ஏறுவார்கள். ஷாக் எதுவோ ஸ்பிரிங்கும் அதுவே. இரண்டையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் காருக்கு என் ஆலோசனை: பின்பக்கத்தைத் தொடாதீர்கள். முன் கீழ்க்கைகள், அவற்றின் பந்து மூட்டு, சப்ஃபிரேம் புஷ்கள், இயந்திரத்தின் மேல் தாங்கி ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள். 1 இலட்சத்து 46 ஆயிரம் மைல் ஓடிய இறப்பரை மாற்றினால் கிடைக்கும் வித்தியாசம், தாழ்வான ஸ்பிரிங்கில் கிடைப்பதைவிடப் பெரிது. வளைவில் இன்னும் சாய்கிறது என்று தோன்றினால் பிறகு தடித்த பின் ஆன்டிரோல் பாரைப் பற்றிப் பேசுவோம்.

கோத்தன்பர்க்வாசி (கோத்தன்பர்க்), பெப்ரவரி 17

இருக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பக்கவாட்டுக் காற்றுப்பையை உலகில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த கார் 850தான். அந்தப் பை இருக்கையின் பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தூண்டுவது மின்சாரமல்ல, இடிபட்டால் அமுங்கும் ஓர் இயந்திர விசை. ஆகவே பேட்டரியைக் கழற்றிவிட்டோம் என்று தைரியமாக இருக்க முடியாது. காயலான் கடையில் கிடக்கும் காரின் இருக்கையை, அதற்குரிய பாதுகாப்புப் பூட்டைப் போடாமல் தூக்கிப் போட்டு எடுத்து வராதீர்கள். அதுவும் பின்மூலை நொறுங்கிய கார். நான் என்றால் தொடவே மாட்டேன்.

நீலவேகன் (மில்டன் கீன்ஸ்), பெப்ரவரி 17

இருக்கையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். பின்பக்கம் குனிந்து பார்த்தேன், தடித்ததுதான், நிவோமாட்தான். பதினோரு ஆண்டு பாரம் ஏற்றியும் இந்தக் கார் பின்னால் குந்தாததை இதுவரை நான் அதன் நற்குணம் என்று நினைத்திருந்தேன்.

ரொறன்ரோத்தம்பி (ஸ்காபரோ), பெப்ரவரி 18

சற்று விலகிப் பேசுவதற்கு மன்னிக்கவும். இந்தக் காரின் எஸ்டேட் வடிவத்தைப் பந்தயத்திலேயே ஓட்டினார்கள் என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்கிறார்களா? 1994இல் பிரித்தானிய டூரிங் கார் போட்டியில் டாம் வாக்கின்ஷா அணி இரண்டு 850 எஸ்டேட்டுகளை இறக்கியது; ஓட்டியவர்கள் ரிக்கார்ட் ரைடெல், யான் லாமர்ஸ். டர்போ கிடையாது, இரண்டு லீட்டர் இயந்திரம். வெற்றி ஒன்றும் கிட்டவில்லை. அடுத்த ஆண்டு செடானுக்கு மாறிவிட்டார்கள். பார்வையாளர் முன் வலம் வரும்போது ஒரு காரின் பின்பகுதியில் பெரிய பொம்மை நாயை ஏற்றிவந்த அந்தக் குறும்பை மட்டும் இன்றைக்கும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நீலவேகன் (மில்டன் கீன்ஸ்), ஜூன் 22

நான்கு மாதங்களாக எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். இடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் பிரிக்கும் பெட்டியை மாற்ற மூன்று மாலைகள் ஆயின. வெளியே எடுத்த பழைய பெட்டியின் கீழ்வாயில் ஒரு குச்சியை நுழைக்க முயன்றேன், நுழையவில்லை. உள்ளே தார்போலக் கெட்டியாக இறுகியிருந்தது. இப்போது கையுறை உள்ளே இழுக்கப்படுகிறது, மகளுக்குத்தான் ஏமாற்றம். அதே வேலையோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிட்டேன். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும் வகை இயந்திரம் என்பதால் கொப்பியில் இருந்த தேதி எனக்குப் போதவில்லை.

302 டிஸ்க்கின் தாங்கிகள் வேறொரு முற்றத்தில், 1999ஆம் ஆண்டு வி70 ஒன்றிலிருந்து கிடைத்தன. டிஸ்க், பேட், குழாய், திரவம் எல்லாம் புதியவை. உதிரிச் சக்கரம் 15 ஆகத்தான் இருந்தது. 16 அங்குலத்தில் ஐந்தாவது சக்கரம் ஒன்றைத் தேடி வாங்கினேன். ஏப்ரலில் ஐந்து பேரும் கூரைப்பெட்டியுமாக வேல்ஸ் மலைப்பகுதியான சுனோடோனியா போய் வந்தோம். மலையிலிருந்து இறங்கும்போது சென்ற ஆண்டு மிதியில் இருந்த அந்தப் பஞ்சுத்தன்மை இம்முறை தலைகாட்டவில்லை. இது டிஸ்க்கால் வந்ததா, புதிய திரவத்தால் வந்ததா என்று சகோதரி கேட்டால், இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மே மாதம் ஆண்டுச் சோதனையில் தேறியது. புகைச் சோதனையில் கூடிய வேகத்தில் கார்பன் மோனொக்சைட் 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எங்களுடையது 0.04. காப்புறுதி நிறுவனத்துக்குப் பிரேக்கையும் சக்கரத்தையும் அறிவித்தேன். ஆண்டுக்கு 38 பவுண் கூடியது. டர்போவும் மென்பொருளும் வந்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டேன். அந்தத் தொகையை இங்கே எழுதி ஒருவரையும் பயமுறுத்த விரும்பவில்லை, ஆனால் தாங்கக்கூடியது.

16டி டர்போ இன்னும் கராஜில்தான் இருக்கிறது. ஐந்து உருளைகளின் அமுக்கத்தையும் அளந்தேன். மிகக் கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையே ஐந்து சதவீதம்தான் வித்தியாசம், ஆகவே தடை அங்கே இல்லை. சென்ற ஞாயிறு பூட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு டர்போவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அழுத்தக் காற்று வெளியேறும் வாய் என்னுடையதில் நேராக இருக்கிறது. ஆர் காரினுடையது சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. என் குழாய் அதில் உட்காராது. அந்தச் சாய்ந்த வாய்க்குரிய குழாய் உடைப்புக் காரிலேயே இருந்தது. இன்டர்கூலரை எடுக்கும்போது நானே அதைக் கழற்றிப் பக்கத்தில் புல்லில் வைத்துவிட்டு வந்தேன். கார் பெப்ரவரி முடிவிலேயே நசுக்கப்பட்டுவிட்டது. உறவினர் கதையைப் பட்டறைக்காரன் அண்ணா எழுதியது பத்தாம் தேதி. நான் குழாயைப் புல்லில் விட்டது பதினைந்தாம் தேதி.

பட்டறைக்காரன் (ஒஸ்லோ), ஜூன் 22

என் கொட்டகையில் சாய்ந்த வாய்க்குரிய குழாய் இரண்டு கிடக்கின்றன; ஒன்றின் விளிம்பு சற்றுத் துருவேறியது, மற்றது நல்லது. நல்லதை அனுப்புகிறேன், தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதும். அதற்கு முன் டர்போ வாயின் இரண்டு போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரத்தையும், இன்டர்கூலர் பக்கத்து இறப்பர்க் குழாயின் உள்விட்டத்தையும் அளந்து தனிச்செய்தியில் எழுதுங்கள். படமும் வேண்டும். கிளட்ச் எத்தனை மைல் ஓடியது என்பதையும் உங்கள் கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நீலவேகன் (மில்டன் கீன்ஸ்), ஜூன் 23

அளவுகளும் படமும் அனுப்பிவிட்டேன் அண்ணா. கிளட்ச் 91 ஆயிரம் மைல்.

பட்டறைக்காரன் (ஒஸ்லோ), ஜூன் 23

குழாய் பொருந்தும், நாளைக்குத் தபாலில் போடுகிறேன். கிளட்சுக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.